மேனேஜருக்குப் போட்ட ஊசி

ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜரின் தட்டில் ரத்தம் இருந்தது.

மேனேஜர் ஒரு முயல். உடம்பெல்லாம் வெள்ளை, இடது காது மட்டும் கறுப்பு, ஐந்து வயதுப் பெண். மாலையில் அக்காவும் தங்கையும் வேலை முடிந்து கதவைத் திறந்தால், வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று குறித்துக்கொள்வதுபோல ஏற இறங்கப் பார்க்கும். அந்தப் பார்வைக்காக அக்கா வைத்த பெயர் அது.

தங்கைக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. கடைகளில் இருக்கும் எடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒருநாள் கேன்டீனில், நேற்றைய கோப்பையைவிட இன்றைய கோப்பையில் டீ குறைகிறது என்று நின்று வாதாடியதிலிருந்து எல்லோரும் அவளைத் தராசு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டாள். அவள் சந்தேகத்துக்கு அவளும் விலக்கு கிடையாது. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கிய பிறகு, பூட்டியது நிஜமா, பூட்டியதாகத் தோன்றுகிறதா என்று குழம்பி மறுபடி ஏறுவாள்.

அக்கா நேர் எதிர். ஓர் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். நாற்காலியில் உட்காருகிறவர்கள் என்ன சொன்னாலும் நம்புவாள். ஒரே பெண்மணி மூன்று தடவை வந்து மூன்று வேறு வேறு கணவர்களைப் பற்றிப் புலம்பியபோதும், "பாவம், ரொம்பப் பட்டிருக்காங்க" என்றுதான் வீட்டில் வந்து சொன்னாள்.

ரத்தம் இருந்தது, மேனேஜர் ஒன்றுக்கும் புழுக்கைக்கும் போகிற வைக்கோல் தட்டில். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற ஒரே மருத்துவமனை பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்தது. மேனேஜரைப் பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்து உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே மீன் தொட்டி. சுவர் முழுக்கக் குணமான நாய்களின் புகைப்படங்கள். முயல் படம் ஒன்றுகூட இல்லை என்பதைத் தராசு நுழைந்த மாத்திரத்திலேயே பார்த்துவிட்டாள். நடுத்தர வயது உதவியாளர் ஒருவர் கூடையை அப்படியே வாங்கி எடை மேடையில் வைத்தார்.

"ரெண்டு கிலோ முந்நூறு," என்று அட்டையில் எழுதினார்.

"கூடையோட வெச்சிருக்கீங்களே."

"ஆமா."

"கூடை எடையைக் கழிக்கலையே?"

"கூடை என்னங்க, காத்து மாதிரி இருக்கு."

"துண்டோட சேர்த்து ஐந்நூத்தி எண்பது கிராம்," என்றாள் தராசு.

உதவியாளர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "வீட்டுல கூடையையெல்லாம் நிறுத்துப் பார்ப்பீங்களா?"

"என்னையும் நிறுத்துப் பார்ப்பா," என்றாள் அக்கா. "நீங்க எழுதிக்கங்க சார், அவ விட மாட்டா."

அவர் எழுதவில்லை. நூறு இருநூறு முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே அட்டையை உள்ளே கொண்டுபோனார். தராசுக்கு அந்த இடத்திலேயே மனம் கோணிவிட்டது. மயக்க மருந்தை எடைக்குத் தகுந்தபடிதான் ஏற்றுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றே முக்கால் கிலோகூட இல்லாத உடம்புக்கு இரண்டேகால் கிலோ கணக்கில் மருந்து ஏறினால் என்ன மிஞ்சும்?

உள்ளே இருந்த டாக்டர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். மேனேஜரின் வயிற்றை அழுத்திப் பார்த்தபோது சிரித்தார். "கர்ப்பப்பையில கட்டி இருக்கு, எடுத்துடலாம்" என்று சொல்லும்போதும் சிரித்தார்.

"எத்தனை முயலுக்கு இந்த ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க டாக்டர்?"

"முயல், பூனை எல்லாம் ஒண்ணுதாம்மா. உள்ள இருக்கிற சமாச்சாரம் ஒண்ணுதான். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. புதன்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணும் குடுக்காதீங்க, வயிறு காலியா இருக்கணும்."

சொல்லிக்கொண்டே மேனேஜரின் பின்தொடையில் ஓர் ஊசியை இறக்கிவிட்டார். "இது என்ன ஊ..." என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது.

"வீக்கம் வடியறதுக்கு. பேர் தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" மறுபடி சிரிப்பு.

உதவியாளர் காலி மருந்துக் குப்பியைக் குப்பைக்கூடையில் போட்டார். தராசு செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தாள். குப்பியில் இருந்த பெயரை இரண்டு முறை படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் நிமிர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயரைத் தேடினாள். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. அடுத்து, முயலைப் பட்டினி போடலாமா என்று தேடினாள். பார்த்த இடத்திலெல்லாம் கூடவே கூடாது என்று இருந்தது. முயலுக்கு வாந்தி வராது, அதனால் வயிற்றைக் காலி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. பட்டினி போட்டால் குடல் ஓட்டம் நின்றுபோய் அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதே, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்களோ என்று அவளுக்கு அதிலும் சந்தேகம். தூசு படிந்த ஒரு பழைய புத்தகத்தை நூலகத்தில் தேடிப் பிடித்துப் படித்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

"சிரிப்பு டாக்டர் வேண்டாம்," என்றாள்.

"ஏண்டி, ஆளைப் பார்த்தா நல்லவரா இருக்காரே!"

"நல்லவர்தான். மேனேஜரைக் கொன்னுட்டு நல்லவரா வந்து நம்ம கூட அழுவார்."

அந்த மருத்துவமனையைப் பற்றி ஊரார் எழுதிய பாராட்டுகளையும் அவள் விடவில்லை. ஒரே வாரத்தில் பதினொரு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அதில் நான்கு பேர் 'என் செல்லத்துக்கு மறுபிறவி கிடைத்தது' என்று எழுத்து மாறாமல் எழுதியிருந்தார்கள்.

"நாலு பேருக்கும் நிஜமாவே மறுபிறவி கிடைச்சிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"ஒரே வாரத்துலயா?"

"உன் முன்னாடி சாட்சாத் கடவுளே வந்து நின்னாலும், நீ முதல்ல அடையாள அட்டையைக் கேப்ப."

திங்கட்கிழமை மதிய இடைவேளையில், அலுவலகத்தில் எடைக்கற்கள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு டாக்டராகக் கூப்பிட்டாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசையில். முயலுக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்? எத்தனை பிழைத்தன? பட்டினி போட வேண்டுமா?

ஒருவர் "நீங்க பத்திரிகைக்காரங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். இன்னொருவர், எல்லாம் ஆண்டவன் கையில் என்றார். அப்படியானால் கத்தியை யார் கையில் கொடுப்பது என்று கேட்க வந்ததை மென்று விழுங்கினாள். மூன்றாமவர் நூற்றுக்கு நூறு என்றார். எந்தக் கல்லை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டுகிற தராசை அவள் பார்த்திருக்கிறாள். முதல் வேலையாக அதைத்தான் பறிமுதல் செய்வார்கள்.

நான்காவதாக எடுத்தது ஒரு பெண் குரல். டயர் கடை மாடியில் இருந்த சின்ன மருத்துவமனை.

"முயலுக்கா? நாப்பத்தொண்ணு பண்ணியிருக்கேன். மூணு போயிடுச்சு," என்றது அந்தக் குரல். "ஒண்ணு வயசாயிடுச்சு, ஒண்ணு ரொம்பத் தாமதமா கொண்டுவந்தாங்க. ஒண்ணு என் தப்பு. பட்டினி போட்டுக் கூட்டிட்டு வந்தீங்கன்னா நான் கத்தியைத் தொட மாட்டேன். வேற என்ன?"

தராசிடம் அதற்கு மேல் கேள்வி இருக்கவில்லை. போனை வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தாள். தன் தப்பு என்று எந்த டாக்டராவது முன்பின் தெரியாதவளிடம் போனில் சொல்வாரா? அப்படிச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று தெரிந்தே சொல்வதாக இருந்தால்?

"உண்மையைச் சொன்னாலும் திருடிங்கிற," என்றாள் அக்கா அன்று மாலை. "அப்போ அவங்க என்னதான் சொல்லணும்?"

தன் கேள்விகளே தப்போ என்று தராசுக்கு ஒரு கணம் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை இருவரும் லீவு போட்டுவிட்டு மாடி டாக்டரிடம் போனார்கள். படிக்கட்டு முழுக்க ரப்பர் வாடை. மேலே காத்திருப்பவர் யாருமில்லை. கூட்டம் இருந்திருந்தால், இத்தனை பேரை எப்படிச் சரியாகப் பார்ப்பார் என்று கேட்டிருப்பாள். கூட்டம் இல்லாததால், ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டாள்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். உதட்டில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை. விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத பழுப்புக் கறை. முதலில் காலிப் பெட்டியை எடை போட்டார். பிறகு துண்டைப் போட்டு எடை போட்டார். இரண்டையும் கழித்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே மேனேஜரைப் பெட்டிக்குள் விட்டார். ஒரு கிலோ அறுநூற்றுத் தொண்ணூறு. வெளியே எடுத்து மறுபடி வைத்தார். அதே எண்.

காலையில் வீட்டுத் தராசு காட்டியதும் அதுதான். இரண்டு நாளில் முப்பது கிராம் இறங்கியிருந்தது மேனேஜர்.

டாக்டர் கை கழுவத் திரும்பினார். தராசு கைப்பையிலிருந்து அலுவலக எடைக்கல் ஒன்றை, கைக்குட்டையால் பிடித்து வெளியே எடுத்தாள். இருநூறு கிராம். சத்தமில்லாமல் மேடையில் வைத்தாள். எண் சரியாக இருநூறு ஏறியது.

"சரியா இருக்கா?" என்றார் டாக்டர் திரும்பாமலே.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். தராசு கல்லைப் பைக்குள் திணித்தாள். குழாய்க்கு மேலே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"சரியா இருக்கு டாக்டர்."

"நல்லது. நானும் மாசம் ஒருதடவை பாக்கறேன்." துடைத்துக்கொண்டே வந்தார். "வேற டாக்டர் யாராவது பாத்தாங்களா? ஏதாவது ஊசி, மாத்திரை?"

இந்த இடத்தில்தான் தராசு அந்த வேலையைச் செய்தாள்.

அவள் தொழிலில் ஒரு முறை உண்டு. கடைக்காரரின் தராசைச் சோதிக்கும்போது, வைக்கும் பொட்டலம் எவ்வளவு எடை என்பதைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அவர் கட்டைவிரல் தன்னால் தட்டின் ஓரத்துக்குப் போய்விடும், சொன்ன எண்ணே வரும். அதுபோல, முன்னால் பார்த்தவர் என்ன சொன்னார் என்று சொன்னால் இவரும் ஆமாம் போட்டுவிடுவார். சொல்லாமல் விட்டால்தான் இவர் கை என்ன சொல்கிறது என்று தெரியும்.

"இல்ல டாக்டர்," என்றாள். "இங்கதான் முதல்ல வர்றோம்."

அக்கா வாயைத் திறந்தாள். தராசு அவள் காலை மிதித்தாள்.

டாக்டர் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி விரல்களால் வயிற்றைத் தடவினார். நெடுநேரம் எடுத்துக்கொண்டார். "கர்ப்பப்பையில கட்டி. இடது பக்கம், பெரிய நெல்லிக்காய் அளவு. மூச்சு நல்லாருக்கு. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை காலையில வெச்சுக்கலாம்." சிரிப்பு டாக்டர் சொன்னதேதான், பக்கமும் அளவும் கூடுதலாக.

படி இறங்கும்போது தராசு நிம்மதியாக மூச்சு விட்டாள். "தேறிட்டாங்க," என்றாள்.

"நீ தேறலை," என்றாள் அக்கா. "கால் கட்டைவிரல் போச்சு. எதுக்குடி பொய் சொன்ன?"

"பொய் இல்ல. சோதனை."

புதன்கிழமை மதியம் டாக்டரே கூப்பிட்டார். குரலில் ஒரு தயக்கம். "ரத்த ரிப்போர்ட் வந்துருச்சு. சர்க்கரை ஏறியிருக்கு, வெள்ளை அணுக்கள் கணக்கும் மாறியிருக்கு. பயந்தா கொஞ்சம் ஏறும், ஆனா இவ்வளவு ஏறாது. கட்டிக்கும் இதுக்கும் பொருந்தல. எனக்குப் புரியல. வீட்டுல யாரோட மாத்திரையாவது கீழ விழுந்து தின்னிருக்குமா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுகொண்டது. புரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லலாமா? தடுமாறுகிறாரோ?

"இல்ல டாக்டர்," என்றாள். இரண்டாவது பொய் முதலாவதைவிட லேசாக வந்தது.

மாலையில் அக்காவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "நாளைக்கே போன் பண்ணிச் சொல்லு."

"அப்போ ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"கோவத்துல ஏனோதானோன்னு வெட்டிட்டாங்கன்னா?"

"ஒருத்தியை நம்பி முயலைக் குடுக்கற. அவளை நம்பி ஒரு வார்த்தையைக் குடுக்க மாட்டேங்கற."

"நீ சொல்லேன்," என்றாள் தராசு.

"நான் எதுக்குச் சொல்லணும்? பொய் சொன்னது உன் வாய்." அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை முழுதும் தராசு கடை கடையாக ஏறி இறங்கினாள். நான்கு நாளாகிவிட்டதே, அந்த ஊசி இதற்குள் கரைந்து போயிருக்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தான் சொல்வதைத் தானே நம்பாததால் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மேனேஜர் அன்று கீரையை முகர்ந்துவிட்டு வைத்துவிட்டது. தட்டில் ரத்தம் முன்பைவிட அடர்த்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. டயர் கடை இன்னும் திறக்கவில்லை. டாக்டர் பச்சை அங்கியும் தலைக்குல்லாயும் போட்டுத் தயாராக இருந்தார். மேசைமேல் நான்கு ஊசிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருந்தன.

"எல்லாத்தையும் உங்க முன்னாடி படிச்சுக் காட்டுவேன். இது என் வழக்கம்," என்றார். "எடை ஒண்ணு அறுநூத்தி எழுபது. இது மயக்கத்துக்கு. இது மயக்கத்தைக் கலைக்க. இது கிருமி வராம இருக்க. இது வலிக்கு, வீக்கத்துக்கு, இதைத்தான் முதல்ல போடப் போறேன்." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கீழ ஒரு வரி இருக்கு. இது தவிர இந்தப் பத்து நாளுக்குள்ள வேற எந்த மருந்தும் உள்ள போகலைன்னு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தராசு பேனாவை எடுத்தாள்.

ஆறு வருட வேலையில் அவள் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இந்தத் தராசு சரியாக இருக்கிறது என்று எழுதி முத்திரை குத்தினால் அது சரியாகத்தான் இருக்கும். அவள் மேலதிகாரியின் மச்சான் கடையில்கூட அவள் குத்த மாட்டேன் என்று திரும்பி வந்தவள். வாயால் சொன்னது வேறு. தாளில் போடுவது வேறு. பேனா முனை தாளைத் தொட்டபடி நின்றது. ஒரு மைப்பொட்டு விழுந்து ஊறியது.

"என்ன?" என்றார் டாக்டர்.

"ஞாயித்துக்கிழமை ஓர் ஊசி போட்டாங்க."

"யாரு?"

"வேற ஒரு டாக்டர். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி." மருந்தின் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் வலி ஊசியை எடுத்தார். மூடியைப் போட்டு, மேசையின் மறுகோடியில் தள்ளி வைத்தார்.

"ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொல்லாம விட்டா நீங்களாவே கண்டுபிடிக்கறீங்களான்னு பாக்க..." சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

"கண்டுபிடிச்சேன்," என்றார் டாக்டர். "ரத்தத்துல ஏதோ இருக்குன்னு கண்டுபிடிச்சு உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நீங்க இல்லைன்னீங்க. நான் என் மெஷினைச் சந்தேகப்பட்டு, புதன்கிழமை சாயங்காலம் முழுக்க அதைக் கழட்டித் துடைச்சேன்." மூடி போட்ட ஊசியைக் காட்டினார். "அந்த மருந்து உடம்புல இருக்கும்போது அதுமேல இதைப் போட்டா, வயித்துல புண்ணு விழுந்து உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டும். கட்டியை நல்லபடியா எடுத்துட்டு, சாயங்காலம் அது செத்திருக்கும். ஏன் செத்துச்சுன்னு கடைசிவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. நாலாவதுன்னு சொல்லிட்டு, என் தப்புன்னு நெனச்சிட்டிருப்பேன்."

தராசு மூடி போட்ட அந்த ஊசியையே பார்த்தாள். சரியாகக் காட்டிய தராசின் தட்டுக்கடியில் தானே பிசினை ஒட்டி வைத்துவிட்டு, முள் ஏன் சாய்கிறது என்று முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"வெளிய உக்காருங்க. நான் யோசிக்கணும்."

வெளியே இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு முழுவதும் சாத்தவில்லை. உள்ளே டாக்டர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "எனக்கு நிச்சயமா தெரியல, அதான் உங்களைக் கேக்கறேன்... ஆமா, அஞ்சு நாள் முன்னாடி... ஆமா, ரத்தம் போயிட்டிருக்கு, நிறைய நாள் தள்ள முடியாது..." நேற்றுவரை அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் தராசு எழுந்து முயலைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். இன்று, இவர் இன்னும் கொஞ்சம் கேட்கட்டுமே என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு. இவர் வேண்டாம் என்றால் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்கும் கண்ணாடிக் கதவைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"இன்னிக்கு இல்ல. புதன்கிழமை. அதுக்குள்ள மருந்து இறங்கிடும், மறுபடி ரத்தம் பாத்துட்டுத்தான் தொடுவேன். வயித்துக்கு ஒரு மருந்து தர்றேன். தட்டுல ரத்தம் கூடுச்சுன்னா எந்த நேரமானாலும் கூப்பிடுங்க." அக்காவைப் பார்த்தார். "நீங்க கூப்பிடுங்க. இனிமே இந்த முயலைப் பத்தி எனக்கு என்ன தெரியணும்னாலும் உங்ககிட்டதான் கேப்பேன். இவங்க சொல்றது எனக்கு வேண்டாம்."

"சரிங்க டாக்டர்," என்றாள் அக்கா. படியிறங்கும்போது தங்கையின் தோளில் கை போட்டாள். "பாத்தியா, எனக்கு முத்திரை குத்திட்டாங்க."

ஐந்து நாள் நகர்வதற்கு ஐந்து மாதம் ஆனது. தராசு தட்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கூடியது. அக்கா கூப்பிட்டாள். டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தராசு காதில் முணுமுணுக்க, "அவ சொல்றதைச் சொல்லாதீங்க, நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்று போனுக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. அக்கா வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தட்டைக் குனிந்து கவனமாகப் பார்த்துப் பதில் சொன்னாள்.

புதன்கிழமை ரத்தச் சோதனை சரியாக வந்தது. ஊசிகளைப் படித்துக் காட்டினார். கையெழுத்தை அக்காதான் போட்டாள். இரண்டு மணி நேரம் தராசு டயர் கடை வாசலில் நடந்துகொண்டே இருந்தாள். டாக்டர் அங்கியில் ரத்தத்தோடு வந்து, ஒரு கிண்ணத்தில் கட்டியைக் காட்டினார். நெல்லிக்காயைவிடப் பெரியது. "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா வெடிச்சிருக்கும்," என்று அக்காவிடம் சொன்னார். "இனி என் கையில இல்ல, அது வயித்துல இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஏதாவது தின்னணும், புழுக்கை போடணும். குடல் ஓட ஆரம்பிச்சாத்தான் பிழைச்சுதுன்னு அர்த்தம். போட்டதும் சொல்லுங்க."

மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மேனேஜர் வயிற்றில் தையலோடு மூலையில் சுருண்டு கிடந்தது. கொத்தமல்லியை நீட்டினால் முகத்தைத் திருப்பியது. இரண்டு மணி. மூன்று. மூக்கு மட்டும் லேசாகத் துடித்தது. தராசுக்கு டாக்டர்மேல் இப்போது சந்தேகம் எதுவும் இல்லை. அதனால் முழுவதையும் தன்மேல் வைத்துக்கொண்டாள். அந்த ஐந்து நாள் தாமதம் அவள் கொடுத்தது. இதற்கு ஏதாவது ஆனால், நாற்பத்திரண்டாவது யார் தப்பு என்று அந்த டாக்டர் மாடியிலிருந்து அடுத்தவளுக்குப் போனில் சொல்லுவார். சரியாகத்தான் சொல்லுவார்.

நாலரை மணிக்கு மேனேஜர் கழுத்தை நீட்டி, கொத்தமல்லியில் ஓர் இலையை இழுத்தது. மென்றது. இன்னொன்று. ஐந்தேகாலுக்குப் பின்னங்காலை நகர்த்தி எழுந்து தட்டில் போய் உட்கார்ந்தது. திரும்பி வந்தபோது வைக்கோலில் சின்னச் சின்னதாக, ஈரமாக, புழுக்கைகள் கிடந்தன. அவள் முட்டிபோட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், சாப்பிட்டுச்சு! ரெண்டு இலை. புழுக்கை போட்டுச்சு, ஏழு!"

எதிர்முனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட குடுங்க," என்றார் டாக்டர்.

அக்கா சமையலறையிலிருந்து சோப்பு நுரைக் கையோடு வந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். தட்டருகே குந்தி உட்கார்ந்து, வைக்கோலை விரலால் விலக்கி, ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"எட்டு, டாக்டர்," என்றாள்.

தராசு பக்கத்தில் முட்டிபோட்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.